சோழிங்கன் வாள்

குகதாசனுக்கு இடுப்பு நாரி நிமிர்த்த ஏலாத நோவு. ஆறு நாளும் லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைக்கு அரிசி மூட்டை இறக்கினவன், ஞாயிற்றுக்கிழமையும் படுத்துக் கிடக்காமல் மாமனாரின் வாளைத் துவாயில் சுற்றிக்கொண்டு பழஞ்சாமான் சந்தைக்குப் போனான். எல்லாம் மகளின் காதுக்காக.

பிள்ளைக்கு நாலு வயது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் இருத்தித்தானே குத்தவேண்டும்? லண்டனின் வடக்கே எட்மண்டனில் இருக்கிற மாமன் யோகராஜாவுக்கும் அவன் தங்கச்சி, பிள்ளையின் தாய் சுலோச்சனாவுக்கும் நாலு வருசமாகப் பேச்சில்லை. வாள் யாருக்கு என்ற சண்டை. விலை தெரிந்தால் பங்கு பிரித்து முடித்துவிடலாம் என்பது குகதாசனின் கணக்கு. மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்த அவர்களின் தகப்பன் விட்டுப்போன பெட்டிக்குள் கிடந்த வாள். அலகில் ஆங்கில எழுத்தில் ‘சோழிங்கன்’ என்றிருந்தது. “சோழன் கடாரத்துக்குக் கொண்டுவந்தது” என்று சாகும்வரை சொன்னார் மனுசன். சோழன் ஏன் இங்கிலீசில் எழுதினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சந்தையில் பழைய மெடல் விற்கிற வெள்ளைக்காரக் கிழவன் வாளை உருவிப் பார்த்தான். சிரித்தான். உள்ளங்கையில் வைத்து இழுத்தும் காட்டினான். கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்த குகதாசன் சொன்னான்: “இஞ்சரும், சோலிங்கன் எண்டது ஜெர்மனியில கத்தி செய்யிற ஊராம். அங்கத்தைக் காட்டிலாகா உத்தியோகத்தர் விழாவுக்கு இடுப்பில தொங்கவிடுறதாம். பிடி மான் கொம்பு. அலகிலயும் மான்.”

“புலிக்கொடிக்காரன்ர வாளில மான்! ஒருத்தரும் பாக்கேல்லையே!” சுலோச்சனா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பி எட்மண்டனுக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, வாளை நீங்களே வைச்சிருங்கோ.”

“ஏனடி திடீரெண்டு?”

சொன்னாள். யோகராஜா போட்ட சிரிப்பு அடுப்படியில் நின்ற குகதாசனுக்கே கேட்டது.

“சீ, எனக்கு வேண்டாம். நீயே வை!”

“எனக்கும் வேண்டாம்!”

அன்று பின்னேரமே கேக் பெட்டியோடு வந்து இறங்கினான் யோகராஜா. வாளால் கேக்கை வெட்டிப் பார்த்தான். கேக் நசிந்தது.

“அத்தான், இதுக்கோ நாலு வருசம் சண்டை பிடிச்சனாங்கள்?”

“நீர் பிடிச்சனீர். மூட்டை தூக்கின நாரியோட இதைக் காவித் திரிஞ்சது நான்.”

பிள்ளை மாமனை அண்ணாந்து பார்த்தாள். “யார் இந்த அங்கிள்?”

யோகராஜாவின் சிரிப்பு நின்றது. பிள்ளையின் காதை விரலால் தொட்டான்.

“தையில நல்ல நாள் பாருங்கோ அத்தான். கட்டாயம் வாறன்.”

தை வர இன்னும் மூன்று மாதம். மருமகளுக்கு அவன் கொடுக்கவேண்டியது ஒரு மடி. அந்தக் கடன் அப்படியே கிடக்கிறது.