வெள்ளிக்கிழமைத் தொட்டி

வெள்ளிக்கிழமை வரப்போகிறது என்றாலே சரசுவுக்கு வியாழக்கிழமை சாயங்காலமே இடுப்பு விட்டுப்போகும். விடியற்காலை எழுந்து வீட்டை முழுக்கக் கழுவிவிட வேண்டும், விளக்கையும் சொம்பையும் புளி போட்டுத் துலக்க வேண்டும், வாசல்படிக்கு மஞ்சள் பூச வேண்டும். அப்புறம் புருஷனைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, இட்லியை ஊட்டிவிட்டு, ஒன்பதே காலுக்கு டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவில் போய் உட்கார வேண்டும். இதெல்லாம் பத்தாது என்று நாலு மாதமாக மீன் தொட்டி வேறு வந்து சேர்ந்திருந்தது.

தொட்டி மகள் இனியாவின் யோசனை. கீழ்பென்னாத்தூர் ரூட்டில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்த தருமனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் ஒன்றாகப் போய்விட்டன. காக்கிச் சட்டையும் விசிலும் ஆணியில் தொங்க, மனிதர் நாற்காலியில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அப்பா எதையாவது பாத்துக்கினு இருக்கட்டும்மா" என்று சென்னையிலிருந்து வந்த இனியா, இரண்டடிக் கண்ணாடித் தொட்டியை வாங்கி வைத்து, எட்டு ஆரஞ்சு நிறத் தங்கமீனும் ஒரு கறுப்பு மீனும் விட்டுவிட்டு, அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டாள். வைக்கிறவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், கழுவுகிறவள் யார் என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தொட்டி வந்த அன்றைக்குத்தான் தருமன் மாதக்கணக்கில் முதல் தடவையாகத் தலையைத் திருப்பி ஒன்றைப் பார்த்தார். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். அதற்காகவே சரசு அந்தத் தொட்டியைப் பூஜையறைக்குச் சமமாக வைத்துக்கொண்டாள். வெள்ளிதோறும் மீன்களைக் குண்டானுக்கு மாற்றி, தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்து, கண்ணாடியை எலுமிச்சைத் தோலால் தேய்த்து, கூழாங்கல்லை அரிசி களைவது போல ஏழெட்டுத் தண்ணீரில் களைந்து, தண்ணீரை வடிகட்டும் மோட்டாருக்குள் இருக்கும் பஞ்சைப் பிழிந்து வெளுத்து, குழாயில் அப்போதுதான் வந்த நல்ல தண்ணீரை நிரப்புவாள். அந்த வருஷம் மழை கிடையாது. வாரத்தில் இரண்டு விடியற்காலைதான் குழாய் வரும். குடிக்கப் பிடித்த குடத்தில் பாதி மீனுக்குப் போனது.

அவள் இப்படிப் பாடுபடும்போதுதான் தருமனுக்கும் ஏதாவது தேவைப்படும். இடது கை மோதிரத்தால் நாற்காலியின் மரக்கையில் தட்டுவார். டக். கொஞ்சம் விட்டு மறுபடியும் ஒரு டக். ஒண்ணுக்குப் போகவாக இருக்கும் என்று ஈரக்கையோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திரும்பித் தொட்டிக்குப் போனால் மறுபடியும் டக். ஒருமுறை அவளுக்குப் பொறுமை போய், "ஒரு வேலைய உருப்படியா செய்ய உடுறீங்களா? எனக்கு இன்னா பத்து கையா இருக்குது?" என்று கத்திவிட்டாள். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இவ்வளவு சுத்தமாக வைத்தும் மீன்கள் தங்கவில்லை. சனிக்கிழமை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டு மிதக்கும். தங்கமீன் ஒன்பதும் போய், அப்புறம் வாங்கிய ஏஞ்சல் ஆறும் போய், கடைசியில் கப்பி எட்டும் போய்ச் சேர்ந்தன. சரசு ஆபீஸுக்குப் போகும் நேரத்தில் தம்பி தருமனைப் பார்த்துக்கொள்ள அடி அண்ணாமலையிலிருந்து வரும் நாத்தனார் கன்னியம்மாள்தான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

"போனா போவட்டும் சரசு. தம்பிக்கு வர்ற கண்டத்த அது வாங்கிக்கினு போவுது. ஊட்ல மீன் செத்தா நல்லதுதான்."

சரசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இருபத்து மூன்று மீன், இருபத்து மூன்று கண்டம். ஒவ்வொன்றையும் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைக்கும்போது மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆனது. ஆனால் கடைசிக் கப்பி செத்த ஞாயிற்றுக்கிழமை தருமன் சோற்றைத் துப்பிவிட்டார். திங்கட்கிழமையும் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. தொட்டிப் பக்கம் இருந்த தலை பழையபடி சுவர்ப் பக்கம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டதும் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மீன் கடைக்குப் போனாள். வழக்கமாகக் கல்லாவில் இருக்கும் முபின் கொளத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். அவர், வருகிறவர்கள் கைகாட்டினதைப் பிடித்துக் கொடுக்கிற ஆள், கேள்வி கேட்க மாட்டார். அன்று உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி சாயிரா பானு. முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, ரப்பர் குழாயால் ஒரு தொட்டியின் அடி அழுக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் சாவாத மீனா நாலு குடுங்க" என்றாள் சரசு. சொல்லும்போதே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா மீன் வெச்சிருந்தீங்கக்கா?"

சரசு வரிசையாகச் சொன்னாள். சாயிரா பானு குழாயைக் கீழே வைத்தாள்.

"தங்கமீன் ரெண்டடித் தொட்டிக்கு ஜாஸ்தி. ஏஞ்சலும் நோஞ்சான்தான். ஆனா கப்பி அவ்ளோ சீக்கிரம் சாவாதே. தண்ணி எப்ப மாத்துவீங்க?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. மொத்தமா இறைச்சிட்டு, கல்லு, பஞ்சு எல்லாம் வெள்ளையா கழுவி, குழாய்த் தண்ணி ஊத்துவேன். அழுக்குன்னு ஒரு பொட்டு இருக்காது" என்றாள் சரசு கொஞ்சம் பெருமையாகவே.

சாயிரா பானு அவளைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வாராவாரம் அதுங்க வீட்டை இடிச்சிட்டு புதுசா கட்டுறீங்க. கல்லுலயும் பஞ்சுலயும் வழவழன்னு ஒண்ணு புடிச்சிருக்கும் பாருங்க, அது பால்ல ஊத்தித் தயிராக்குற ஒறமோர் மாதிரி. அதுதான் மீன் கழிக்கிறதைத் தின்னு தண்ணிய நல்லா வெக்கிது. அதைக் கழுவி ஊத்திட்டா எது மிஞ்சும்? குழாய்த் தண்ணில வேற மருந்து. நமக்கு நல்லது, அதுங்களுக்குச் செவுள் எரியும்."

சரசு, "எங்க நாத்தனாரு, வீட்டுக்கு வர்ற கண்டத்த மீனு வாங்கிக்குதுன்னு..." என்று இழுத்தாள்.

"அப்பிடித்தான் நெறைய பேர் சொல்றாங்க. சொல்லிட்டு மறுபடியும் வாங்கிக்கினு போறாங்க. கடைக்கு நல்லதுதான்."

ஏமாந்துபோனது போல இருந்தது சரசுவுக்கு. அவ்வளவு சாவும் அவருக்காக என்று நினைத்திருந்தாள். ஒன்றுமே இல்லை, அத்தனையும் இவள் கைப்பிசகு. இடுப்பு ஒடிய, தண்ணீர் சுமந்து, பொழுது விடியுமுன் எழுந்து, தன் கையாலேயே கொன்றிருக்கிறாள். யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

சாயிரா பானு அன்று மீன் கொடுக்க மறுத்துவிட்டாள். பதிலுக்குத் தன் தொட்டி மோட்டாரைத் திறந்து, பழுப்பேறிய பஞ்சு ஒன்றை எடுத்து, அதே தண்ணீரோடு கவரில் போட்டுக் கட்டினாள்.

"இதான் ஒறமோர். உங்க மோட்டார்ல போடுங்க. அடிபம்புத் தண்ணி இருக்கா? உப்பா இருந்தா பரவால்ல, ஊத்தி ஓட உடுங்க. ஒரு வாரம் கழிச்சி வாங்க, மோலி நாலு தர்றேன். உப்புத் தண்ணி அதுக்கு ஒத்துக்கும். அப்புறம் பதினஞ்சி நாளைக்கு ஒருவாட்டி கால் தொட்டி தண்ணிதான் மாத்தணும். கழுவற வேலையே வேணாம். ஒண்ணும் செய்யாதீங்கக்கா, அதான் நீங்க செய்யவேண்டியது."

ஒன்றும் செய்யாதே என்று சரசுவிடம் யாரும் சொன்னதில்லை. அழுக்குப் பஞ்சைப் பிரசாதம் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

சொன்னபடியே செய்தாள். முதல் வெள்ளிக்கிழமை தொட்டியில் மீன் இல்லாததால் கையைக் கட்டிக்கொள்வது சுலபமாக இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மோலி வந்தன. இரண்டு கரிக்கறுப்பு, இரண்டு வெள்ளை. தருமன் உடனே திரும்பவில்லை. புதன்கிழமை சாயங்காலம்தான் தலை மெல்ல இந்தப் பக்கம் வந்தது. ஆனால் பார்வையில் ஒரு பயம் இருந்தது. இதுவும் எத்தனை நாளைக்கு என்று கேட்பது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வீடு கழுவியாகிவிட்டது, விளக்கு துலக்கியாகிவிட்டது. வாசல்படி பளபளவென்று இருக்க, கூடத்தின் நடுவில் தொட்டி மட்டும் மங்கலாக நின்றது. கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம், கல்லின்மேல் ஒரு பழுப்பு. கன்னியம்மாள் வருவதற்குள் யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள். இத்தனை வருஷப் பழக்கம், கை கேட்குமா? கல்லை மட்டும் லேசாக அலசிவிடலாம் என்று வாளியை இழுத்துப்போட்டு, புடவையைத் தூக்கிச் சொருகி, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டாள்.

டக்.

"இருங்க, வரேன்."

டக்.

"வரேன்னு சொல்றன் இல்ல" என்று திரும்பினாள். தருமன் பாட்டில் இருக்கும் மூலையைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிர விரல் மேலே தூக்கியபடியே இருந்தது.

சரசு கையை வெளியே எடுத்தாள். விரல் கீழே இறங்கியது. என்ன தோன்றியதோ, மறுபடியும் தண்ணீருக்குள் விட்டாள். டக்.

ஆணியில் தொங்கிய விசில்மேல் அவள் கண் போனது. கல்யாணமான புதிதில் அவர் பஸ்ஸிலேயே கீழ்பென்னாத்தூருக்குப் போயிருக்கிறாள், முன்சீட்டில் உட்கார்ந்து, அவர் ஊதுவதை எண்ணிக்கொண்டே. ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போகலாம், ரைட். வீட்டிலும் அதே விளையாட்டுத்தான். தட்டில் சோறு போதும் என்றால் ஒரு விசில், இன்னும் போடு என்றால் இரண்டு. கண்டக்டர் பெண்டாட்டிக்கு அது மறந்துபோயிருந்தது.

நாலு மாதமாக, வெள்ளிக்கிழமை தவறாமல், இவர் நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாள் முழுக்கத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, இவள் கழுவினால் மீன் சாகும் என்று. கடைக்காரிக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். இவள் மூத்திரப் பாட்டிலை நீட்டியிருக்கிறாள். கத்தியிருக்கிறாள். பேச்சுப் போன மனிதர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், இவளுக்குக் கேட்க நேரமில்லை.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாளியைக் காலால் தள்ளிவிட்டு, ஈரப் புடவையோடு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். மோலிகள் எதுவும் நடக்காதது போலக் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தன. அடுப்பில் இட்லிப் பானை சீறியது. மணி எட்டரை ஆகியிருந்தது, அவரைக் குளிப்பாட்டவே இல்லை, பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. உடம்பில் இருந்த அசதி மொத்தமும் அப்போதுதான் ஒரே நேரத்தில் இறங்கி வந்தது போல, எழுந்திருக்கவே தோன்றவில்லை.

"இனிமே கை வெக்கமாட்டேன்" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. பிறகு அவர் நாற்காலிக் காலில் தலையைச் சாய்த்து, "எனக்கு ரொம்ப முடியலங்க. கொஞ்ச நேரம் இப்பிடியே உக்காந்துக்கட்டா?" என்று கேட்டாள்.

தலைக்கு மேலே மோதிரம் மரத்தில் பட்டது. அடுத்தடுத்து இரண்டு தடவை.