நெவெனாவின் பீப்பாய்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. வார இதழ் ஆசிரியர் ஸ்டேவான் போனில் கேட்டது.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க குடிக்கிறதப் பத்தி ஒண்ணு குடுங்க. குத்தவாளி யாருன்னு கடைசில பளிச்சுன்னு தெரியணும். போன தடவை மாதிரி ஜனங்களத் தொங்கல்ல விட்டுறாதீங்க."

சரி என்றேன். முதல் வேலையாகக் குற்றவாளியைத் தேர்ந்தெடுத்தேன்: பள்ளிக்கு எதிரே கடை வைத்திருக்கும் டோப்ரிலா. நாக்கு நீளம், யாருக்கும் பணியாதவள். இப்படி ஒருத்தி கிடைத்தால் தொடர்கதை எழுதுகிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் வரி: "மழை விடாமல் பெய்த அந்த மாலையில், பதினைந்து வயது நெவெனா" — வேண்டாம். மழை எதற்கு? எங்கள் செர்பியக் கிராமங்களில் பிள்ளைகள் நல்ல வெயிலிலேயே விழுகிறார்கள்.

மறுபடியும்: மதிய இடைவேளையில் நெவெனா பள்ளி மைதானத்துக்குப் பின்னால் நினைவில்லாமல் கிடந்தாள். கூடக் குடித்த தோழிகள் ஓடிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லை. ஆகவே ஊருக்கே தெரிந்துவிட்டது: டோப்ரிலா கடையில்தான்.

2

நெவெனாவின் அப்பா ரதோமிரை முதலில் குடிகாரனாக எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். குடிகார அப்பா வந்துவிட்டால், இது தன் வீட்டுக் கதை இல்லை என்று வாசகர் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ரதோமிர் மர அறுவை மில்லில் வேலை செய்பவன். மகள் மீது உயிர். காலையில் ஒரு சின்ன கிளாஸ், விருந்தாளி வந்தால் ஒன்று, அவ்வளவுதான். எங்கள் எல்லோரையும் போல.

நெவெனா பிறந்த வருடம் தன் தோட்டத்துப் பிளம்ஸில் தானே ராக்கியா* காய்ச்சி, ஒரு பீப்பாயில் நிரப்பி, வீட்டு நிலவறையின் மண்தரையில் புதைத்தான். அவள் கல்யாணத்தன்று திறப்பதற்கு. மேலே ஒரு பலகை. அவளுடைய ஒவ்வொரு பிறந்த நாளிலும் அந்தப் பலகை மேல் நின்று சொல்வான்: "இது உன்னோடது. வேற எவனும் தொடக் கூடாது."

(*பழச் சாராயம். இதற்குக் குறிப்பு தேவையா என்று ஸ்டேவான் கேட்பார். எங்கள் ஊரில் தாய்ப்பாலுக்குக் குறிப்பு போடுவது போலத்தான்.)

3

புகார் எழுத ரதோமிர் வீட்டில் கூடினார்கள். தலைமை ஆசிரியை, சில பெற்றோர். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம் என்று டோப்ரிலாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். புகார் மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் கடைக்குப் பூட்டு. அவளுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"உன் கடை இருக்கிற வரைக்கும் இந்த ஊர்ப் பிள்ளைங்க உருப்படாது" என்றான் ரதோமிர்.

"போன ஞாயித்துக்கிழமை உன் பீர வந்து வாங்கிட்டுப் போனது யாரு? நெவெனாதானே? 'அப்பாவுக்கு அக்கா'ன்னா. நீ ஜன்னல்லேர்ந்து கையாட்டினே."

"அது எனக்கு."

"அதுக்கு நான் பாட்டில் மேல பேர் எழுதிக் குடுக்கணுமாக்கும்."

"சண்டை அப்புறம். முதல்ல கையெழுத்து" என்றார் தலைமை ஆசிரியை.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போடுவோம் டீச்சர். எம் பொண்ணு பொழச்சு வந்திருக்கா. அவ பீப்பாயிலேர்ந்தே எடுத்துட்டு வரேன். கல்யாணம் என்ன பெரிய கல்யாணம், உசுரு முக்கியம்."

"அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள் சமையலறை வாசலில் நின்ற நெவெனா.

"அட, உனக்காகத்தாம்மா."

அவள் அம்மா டிரேயைக் கொண்டுவந்து வைத்தாள். ஆளுக்கொரு கிளாஸ், டோப்ரிலாவுக்கும். வீட்டுக்குள் வந்துவிட்டால் எதிரிக்கும் ஊற்றித்தான் ஆக வேண்டும். நெவெனாவுக்குச் சின்னதாக ஒன்று. ரதோமிர் பாட்டிலோடு மேலே வந்து, எல்லா கிளாஸையும் நிரப்பினான்.

மீதி இருந்த பாட்டிலை டோப்ரிலா எடுத்துக் குலுக்கினாள். பழக்கம்தான், எங்களில் யாராக இருந்தாலும் குலுக்குவோம். நல்ல சரக்கு என்றால் பாட்டில் கழுத்தைச் சுற்றிக் குமிழிகள் முத்துமாலை போலக் கோத்து நிற்கும். இங்கே எழுத்து தெரியாத குழந்தைக்கும் அது தெரியும்.

ஒரு முத்துகூட நிற்கவில்லை.

ரதோமிர் தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். தலைமை ஆசிரியையும் குடித்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"ரதோ, இத நான் வித்திருந்தா எந்தப் பிள்ளையும் விழுந்திருக்காது" என்றாள் டோப்ரிலா.



"என்னோடதுன்னு நீதானேப்பா சொன்னே" என்றாள் நெவெனா. "நானும் என் தோழிங்களும் மட்டுந்தான் எடுத்தோம். எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வெச்சேன்."

4

முடிவு அ: ரதோமிர் புகாரைக் கிழித்துப் போட்டு, மகளைக் கட்டிக்கொள்கிறான். ஸ்டேவானுக்குப் பிடிக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த ரதோமிர் தலைமை ஆசிரியை முன்னால் எதையும் கிழிக்க மாட்டான்.

முடிவு ஆ: யாரோ பேனாவை எடுக்கிறார்கள். "இருந்தாலும் பீர் வித்தது வித்ததுதானே" என்கிறார்கள். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடுகிறார்கள். கடை மூடப்படுகிறது. இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது, ரத்து செய்யலாம். பீப்பாய்க்கு என்ன இருக்கிறது?

முடிவு இ: "இதற்குச் சமூகம் செய்ய வேண்டியது என்னவென்றால்" — இந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்த்தேன். பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம், அந்த அறையில் இருந்த எல்லோரும் அதற்குக் கை தூக்குவார்கள். அது கல்லாவில் நின்று வயதைக் கேட்கும். வீட்டில் கல்லா இல்லை. அங்கே ஊற்றுகிறவர்கள் அன்போடு ஊற்றுகிறார்கள். அன்புக்கு எப்படி அபராதம் —

ஸ்டேவான் மறுபடி போன் செய்தார். "என்ன, குத்தவாளி கிடைச்சாச்சா?"

"நிறையப் பேர் கிடைச்சிருக்காங்க."

"ஒருத்தர் போதுங்க. பக்கம் பத்தாது."

5

முடிவு தேடி மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன்.

டிரேயில் நெவெனாவுக்கும் ஒரு கிளாஸ் இருக்கிறது.

குடித்து விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்த பெண். பிள்ளைகள் குடிப்பதைத் தடுக்கத்தான் அந்தக் கூட்டம். அவள் அம்மா வைத்தாள், அப்பா நிரப்பினான், தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார், டோப்ரிலாவும்தான். எழுதிய எனக்கே உறுத்தவில்லை. ஒருத்தி பிழைத்ததைக் கொண்டாடும்போது அவள் கையில் மட்டும் கிளாஸ் இல்லாமல் இருந்தால் எப்படி என்று கை தானாக எழுதியிருக்கிறது.

அந்த ஒரு வரியை அடித்துவிடலாம். சுலபம். ஆனால் அடித்தால் கதையிலிருந்துதான் போகும், டிரேயிலிருந்து போகாது. இருக்கட்டும்.

ஆக, நிலவரம் இது. புகார் மேஜை மேல் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். ரதோமிர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நெவெனா டிரேயின் அருகில் வந்துவிட்டாள். தண்ணீர் கலந்ததுதான், ஆனாலும் அவளுடையது. அவள் அந்தச் சின்ன கிளாஸைப் பார்க்கிறாள், பிறகு பெரியவர்களைப் பார்க்கிறாள்.

யாராவது கையை நீட்டி அதை எடுத்து அப்பால் வைக்க வேண்டும். அறை நிறைய ஆட்கள், யாருக்கும் கை வரவில்லை.

நீங்கள் செய்கிறீர்களா? கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வாருங்கள். ஒன்று மட்டும்: வாசலிலேயே உங்களுக்கும் ஒரு கிளாஸை நீட்டுவார்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.