பிடித்ததெல்லாம் பைக்குள்

"ஷீஹுவான்" என்றேன், கண்ணாடிக் கோப்பையைக் காட்டி. மாப்பிள்ளையாக வரப்போகிறவரின் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மிச்சத் தேநீரைக் கொட்டி, கோப்பையைக் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி என் பைக்குள் வைத்தார்.

நான் அதைக் கேட்கவே இல்லை. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே மகளிடம் கற்ற ஒரே சீனச் சொல் அது. பிடித்திருக்கிறது என்று அர்த்தம். "ரொம்ப நேசிக்கிறேன்னு சொல்ல வேற வார்த்தை இருக்கும்மா. ஆனா அவங்க வீட்ல அத யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. உனக்கு இது போதும்" என்றிருந்தாள். கல்யாணம் முடிந்ததும் கடல் தாண்டி வந்து இந்த அம்மாவோடு இந்த வீட்டில் இருக்கப்போகிறவள் அவள். என் பெண்ணை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வேறு பேச்சு ஏது? இந்த ஒரு சொல்தான் கதி.

சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டிய மகாராணி, சமையலறையில் மாப்பிள்ளையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். உம்மென்று உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே என்று பூந்தொட்டி, சம்பந்தியின் கழுத்துத் துணி, திரைச்சீலை என்று கண்ணில் பட்டதெல்லாம் பிடித்திருக்கிறது என்றேன். அந்தத் துணியின் ஓரத் தையல் நிஜமாகவே பிரமாதம். உடனே அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். திரைச்சீலையைக் கழற்ற நாற்காலி மேல் ஏறியவரை நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

"அடியே, இங்க வா! நான் என்னமோ தப்பா சொல்றேன் போல. வீட்டையே காலி பண்றாங்க."

மகள் பையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "சரியாத்தான் சொல்ற. வந்தவங்க எதையாவது பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டா, அதக் குடுக்காம இவங்களுக்குக் கை சும்மா இருக்காதும்மா."

வந்தது அழுகையா, ஆத்திரமா, எனக்கே தெரியவில்லை. கோப்பைக்காகவா இவ்வளவு பாடுபட்டு ஒரு சொல்லைக் கற்றேன்? மகளின் தோளைப் பிடித்து, சம்பந்தியின் கண்ணைப் பார்த்து, "ஷீஹுவான்" என்றேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மகளின் கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினார். விடவில்லை.

தருகிறாரா, வாங்கிக்கொள்கிறாரா? மகளைப் பார்த்தேன். அவளும் திருதிருவென்று விழித்தாள். மூன்று கைகளும் வியர்த்துக்கொண்டிருந்தன. அடியில் இருந்த என் கையை எப்போது எடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.