வேலாயுதம் ஐயாவின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

செத்துப்போன பிறகும் வேலாயுதம் ஐயா வெள்ளிக்கிழமை மதியங்களில் யார் வீட்டிலாவது சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு வாரம் கிள்ளான், ஒரு வாரம் பந்திங். உயிரோடு இருந்தபோது ரப்பர் தோட்டத்துக் கோயில்களில் ஆடு வெட்டுவதை நிறுத்தியவர், சாதி பார்த்துப் பந்தி பிரித்ததை ஒழித்தவர். ஊரார் கை நனைக்காத வீடாகத் தேடிப் போவார். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். செத்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. வருவார், மோர் வரைக்கும் சாப்பிடுவார், இலையை மடித்துவிட்டு மறைந்துபோவார். யாரும் பயப்படவில்லை. கூட ஒரு பிடி அரிசி போட்டார்கள், அவ்வளவுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் சொந்த வீட்டுக்கு மட்டும் அவர் வரவில்லை. மனைவி சீதாலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. வாராவாரம் தெம்பே சோயாக்கட்டிப் பிரட்டல், வாழைக்காய் வறுவல் என்று அவருக்குப் பிடித்ததாகச் சமைத்து, இலை போட்டு, எப்போதும்போல் கரண்டியோடு பக்கத்தில் நின்றாள். காக்காய்தான் கொழுத்தது. ஐயா நடத்திய சபைக்குப் பூக் கட்டித் தரும் கிள்ளான் லெட்சுமி வேறு போன் போட்டு, "அக்கா, ஐயா ரெண்டாந்தரம் ரசம் கேட்டாரு லா" என்பாள். அன்றைக்குச் சீதாலெட்சுமி சட்டி கழுவும் சத்தம் கீழ்மாடி வரை கேட்கும்.

ஒரு வாரம் சுங்கை பூலோவில், கடல் கடந்து ஊரிலிருந்து வேலைக்கு வந்த சதீஷ்குமாரின் அறையில் ஐயா மேகி சாப்பிட்டார் என்று சேதி வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேகிக்குப் போகிற மனுஷனுக்கு நான் ஏன் கால் கடுக்க நிற்கணும் என்று, மறு வெள்ளிக்கிழமை இலையைத் தனக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: கல்யாணமான நாளிலிருந்து இந்த நேரத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஊரையே ஒரே வரிசையில் உட்காரவைத்தவர், அவளை ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை. ஆத்திரத்தோடு சோற்றைப் பிசைந்தாள்.

பக்கத்தில் ஐயா கரண்டியோடு நின்றார். ரசம் ஊற்றத் தெரியாமல் பாதியை இலைக்கு வெளியே ஊற்றினார்.

"நானும் ஒக்காரட்டா?" என்றார்.

"நில்லுங்க. நான் சாப்ட்டு முடிக்கிறேன்."

நின்றார்.

அதற்குப் பிறகு ஐயா வேறு எந்த வீட்டிலும் சாப்பிடவில்லை. அவருக்கு முக்தி கிடைத்துவிட்டது என்று கிள்ளானில் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் தனக்கு அவர் பரிமாறுவதைச் சீதாலெட்சுமி யாரிடமும் சொல்லவில்லை. ஐயா பரிமாறுகிறார் என்று தெரிந்தால் கிள்ளான் லெட்சுமி முதல் ஆளாக இலை போட்டு உட்கார்ந்துவிடுவாள்.