வீட்டில் ஒரு டாக்டர்

"பல்வலிதான்" என்று முதலில் சொன்னது அம்மாவா, அப்பாவேதானா என்று மகளுக்கு இப்போது உறுதியில்லை. வருடம் ஏற ஏற அந்தச் சொல் அம்மாவின் குரலில்தான் தெளிவாகக் கேட்கிறது. அதனாலேயே சந்தேகம்.

மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குக் கிளம்பிவிட்டிருந்தாள், மடித்த வெள்ளைக் கோட்டு முழங்கையில் தொங்கியது. நாற்பத்திரண்டு வயதில் முதலாண்டு மருத்துவ மாணவி. அதற்குமுன் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைத்தவள்.

"பாத்து. பழக்க தோஷத்துல என் வாயைச் சேத்துத் தைச்சிடாத," என்றார் அப்பா. இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்; வேர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்தக் கடைவாய்ப் பல்லப் புடுங்கச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்? கையில என்ன?"

"நேத்து பீரோவ நகத்துனேன்ல, பிடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு கிளப்பாத. வீட்டுல டாக்டர வெச்சுக்கிட்டு வெளிய போய் வரிசையில நிக்கவா?"

அம்மா திரும்பி, கதவோரம் நின்ற மகளைப் பார்த்தாள். "நீ என்னடி நினைக்கிற?"

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நுழைவுத் தேர்வுக்குப் படித்தவர்கள். இடம் கிடைத்தது அம்மாவுக்கு. முடிவு வந்த அன்று சிரித்துவிடாமலிருக்க அம்மா பட்ட பாட்டை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னை எதுக்குக் கேக்குற? நீதானே டாக்டர்."

அம்மா வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு, எலும்புகளைப் பற்றிய தேர்வு எழுதப் போனாள். அப்பா குளியலறை வாசலில் சரிந்தபோது மகள் வண்டி பிடிக்க ஓடினாள். வண்டி வந்தது. அதற்குள் அவசரத்துக்கு வேலையில்லாமல் போயிருந்தது.

கூடத்தில் கிடத்தியபோது அவர் வாய் திறந்தே இருந்தது. தொட யாருக்கும் துணிவில்லை.

"நீயே மூடு," என்றாள் அப்பாவின் அக்கா. "உங்க காலேஜுல இப்படிக் கெடக்கிறவங்களோடதானே குடித்தனம்."

அம்மா பழைய துண்டிலிருந்து நீளமாக ஒரு பட்டை கிழித்தாள். தாடையை ஏந்தி மூடி, உச்சந்தலையில் முடிச்சிட்டாள். காதோரம் சுருங்கிய துணியைக் காலரை நீவுவதுபோல நீவிவிட்டாள்.

"இதுல மட்டும் கெட்டிக்காரி," என்றாள் அத்தை. "தாடை வலிக்குதுன்னவனுக்கு மாத்திரையக் குடுத்துட்டு, பைய மாட்டிக்கிட்டுப் பரீட்சைக்குப் போயிருக்கா!"

"நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லலியே அண்ணி."

அந்தக் குரல் இவ்வளவு சிறியதாகி மகள் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் சிறியதாகட்டும் என்றிருந்தது.

"நெஞ்சு வலிக்கணும்னு இல்ல அத்தை. தாடையும் இடது கையும் வலிச்சு வேர்த்துக் கொட்டுனா ஹார்ட்டாத்தான் இருக்கும்னு பாக்கணும். டியூஷன்லயே சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு அம்மாவுக்குக் கம்பெனில ஓவர்டைம், வரல."

முடிச்சின்மேல் இருந்த அம்மாவின் விரல்கள் நின்றன.

"பாத்தியா!" என்றாள் அத்தை. "நேத்து முளைச்சதுக்குத் தெரிஞ்சிருக்கு!"

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். அம்மா ஏதோ கேட்கப்போகிறாள் என்று மகள் காத்திருந்தாள். அம்மா கத்தரிக்கோலை எடுத்து, தொங்கிய துணி நுனியை வெட்டிவிட்டாள்.

அம்மா அதற்குப்பின் கல்லூரிக்குப் போகவில்லை. பழைய தொழிற்சாலையிலேயே காலர் தைக்கிறாள். அடுத்த வருடம் மகளுக்கு இடம் கிடைத்தது. தன் வெள்ளைக் கோட்டையே தோளிலும் இடுப்பிலும் பிடித்துத் தைத்துத் தந்தாள் அம்மா. அளவு கச்சிதமாக இருந்தது. மகள் இப்போது தோல் மருத்துவர். அத்தை அவ்வப்போது வந்து படைக்குக் களிம்பு வாங்கிக்கொண்டு, அம்மாவை இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாள். அம்மாவும் மகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். போன வாரம் அம்மா பொது மருத்துவமனை வரிசையில் நின்றுவிட்டு, வெயிலில் நடந்து வந்தாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மகள் தட்டை எடுத்து வைத்தாள்.