ஏழு நாளில் பதில்

தண்ணீர் வாரியத்தில் எனக்குப் புகார்ப் பிரிவு. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தாலும் நாறுகிறது, தெரு முழுக்கக் குளம் என்று நாள் முழுக்க யாராவது என் மேசைக்கு முன்னால் நின்று கத்துவார்கள். நான் பதிலுக்குக் கத்துவதில்லை. எழுதிக்கொள்வேன், எண் போடுவேன், ஏழு நாளைக்குள் முடித்து வைப்பேன். பதினெட்டு வருடத்தில் எட்டாம் நாளைப் பார்த்த புகார் என் பதிவேட்டில் கிடையாது. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை மறைப்பானேன்.

எங்கள் சபையிலிருந்து சனிக்கிழமைதோறும் பத்துப் பேர் பிள்ளைகள் இல்லத்துக்குப் போவோம். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள், இருந்தும் இல்லாத பிள்ளைகள் என்று நாற்பது பேர் அங்கே. எங்களுக்கு ஆளுக்கொரு வேலை. ஒருத்தி பேன் பார்ப்பாள், ஒருத்தர் கணக்குப் பாடம் சொல்லித் தருவார், என் வீட்டுக்காரர் ஒழுகுகிற குழாய்க்கெல்லாம் வாஷர் மாற்றுவார். எனக்குப் பாட்டு வராது, கதை சொல்ல வராது, கைக்குழந்தையைத் தூக்கினால் அது வீலென்று அழும். "உங்களுக்குத்தான் பேப்பர் வேலை பழக்கமாச்சே" என்று பாஸ்டர் ஜெபச் சீட்டுகளை என் தலையில் கட்டினார். பிள்ளைகள் என்ன வேண்டுமென்று ஆண்டவருக்கு எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நான் பிரித்துப் படித்து, அந்த வாரம் முழுக்க அதற்காக ஜெபம் பண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் சீட்டில் இப்படி இருந்தது: "என் சாக்ஸ்ல பெருவிரல் வெளிய வருது. வேற சாக்ஸ் வேணும்." எழுதியது எட்டு வயதுப் பெண். வாய் ஓயவே ஓயாது என்பதால் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். போயும் போயும் ஒரு சாக்ஸுக்கு ஆண்டவரைத் தொந்தரவு பண்ணுவதா என்று நினைத்தேன். ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாங்கி, புதன்கிழமையே இல்லத்து வார்டன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

"யார் குடுத்ததுன்னு சொல்லாதீங்க. தலையணைக்குக் கீழ வச்சிடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழக்கப்படுத்தாதீங்க" என்றார். நான் கேட்டால்தானே.

பிறகு ஒருத்திக்குத் தலை கிளிப், இன்னொருத்திக்கு ஸ்கிப்பிங் கயிறு. சில்வண்டுக்கே மறுபடி கலர் பென்சில், அப்புறம் அவள் கட்டிலுக்கு மேலே எரியாமல் கிடந்த பல்பு. ஒன்றுகூட ஏழு நாள் தாண்டவில்லை. சீட்டின் மூலையில் "முடிந்தது" என்று எழுதி வைத்துவிடுவேன். சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்று "ஆண்டவர் எனக்குக் கொடுத்தார்" என்று சாட்சி சொல்லும்போது, கடைசி வரிசையில் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். என் வீட்டுக்காரர் மட்டும், "என்ன, அவருக்கே அசிஸ்டென்டா சேர்ந்துட்டியா?" என்றார். அவருக்கு எதிலும் நக்கல்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் சில்வண்டின் நாலாவது சீட்டு வந்தது. "எங்க அம்மா வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

வார்டன் அம்மாவிடம் கேட்டேன். பெற்றவள் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாளாம். இனிமேல் இந்தப் பிள்ளைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தே ஒரு வருடமாகிறதாம்.

"சில்வண்டுக்குத் தெரியுமா?"

"சொன்னோம். தலையாட்டினா. நம்பல."

அந்தச் சீட்டின் மூலையில் எதையும் எழுதாமல் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன். கடையில் கிடைக்காத பொருளை நான் எங்கே போய் வாங்குவது. அந்த வாரம் ஆபீஸில் வழக்கத்தைவிட அதிகமாக வேலை பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வார்டன் அம்மா போன் பண்ணினார். சில்வண்டு குளித்துத் தலை வாரி, துணிப்பையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளாம். பென்சிலையும் போர்வையையும் பக்கத்துக் கட்டில்காரிகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தாயிற்றாம். கேட்டால், "நான் கேட்டதெல்லாம் ஏழு நாளைக்குள்ள வந்துச்சு, இன்னைக்கு ஏழாவது நாள்" என்கிறாளாம்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். "நீங்களே வந்து சொல்லிடுங்க. என்னால முடியாது."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், பையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். "ஆன்ட்டி, எங்க அம்மா வந்தா வார்டன் அம்மா நிறைய கேள்வி கேப்பாங்க. சீக்கிரம் விடச் சொல்லுங்க. எங்க அம்மாவுக்கு வெயில்ல நின்னா தலை வலிக்கும்."

நான் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. "அம்மா வர மாட்டாங்கம்மா" என்றேன்.

"ஏழு நாள் ஆச்சே."

"அந்த சாக்ஸ் நான் வாங்கினது. பென்சில், பல்பு எல்லாமே நான்தான். நீங்க எழுதற சீட்டு என்கிட்டதான் வருது."

அழுவாள் என்று நினைத்தேன். என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவள் குனிந்து தன் காலில் இருந்த சாக்ஸைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "படிச்சிட்டு நீங்க ஆண்டவர்கிட்ட சொல்லுவீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்ல. கடைக்குப் போவேன்."

"எங்க அம்மா சீட்டு?"

"அதையும் சொல்லல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அத்தனை சீட்டுகள் வந்தன. ஒன்றுக்காகக்கூட நான் முழங்கால் போடவில்லை. வாங்க முடிந்ததை வாங்கினேன், முடியாததைப் பைக்குள் ஒளித்துவைத்தேன். இத்தனைக்கும் எனக்குக் கொடுத்த வேலை ஜெபம் மட்டும்தான். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

சில்வண்டின் முகத்தில் வந்தது கோபமே இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. "அப்போ அவருக்கு இன்னும் தெரியவே தெரியாதா?" என்று எழுந்து நின்றாள். "அதான் அம்மா வரல. இப்ப சொல்லுங்க ஆன்ட்டி."

"கண்ணு, சொன்னாலும் அம்மா வர மாட்டாங்க. அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க."

"அதை அவர் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடினேன். அவள் அம்மா வர மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். வரச் சொல்லுங்கள் ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பாதியில் எனக்கு வார்த்தை தீர்ந்துபோனது.

"இன்னும் சொல்லுங்க" என்றாள் சில்வண்டு.