எல்லாரும் வெளிய வாங்க

எங்கள் மருத்துவமனையில் ஆறு மேசைகளுக்கும் ஒரே டேட்டாபேஸ் ஃபைல். மாடியில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது. ஆறு பேரும் நெட்வொர்க் வழியாக ஒரே நேரத்தில் அதற்குள் தலையை நுழைப்போம். ஒருவர் எழுதும்போது இணைப்பு அறுந்தால் மொத்த ஃபைலும் படுத்துவிடும். அதை எழுப்பிவிடும் வேலை என் தலையில். அதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

"வைஃபைல அந்த ஃபைலைத் திறக்காதீங்க சார்" என்று மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். லேப்டாப்பை ஏந்திக்கொண்டு நடந்தபடியே வேலை பார்க்கும் மகாராஜா அவர். அன்றைக்கும் அப்படியே லிஃப்டுக்குள் போனார். கதவு மூடியது, ஃபைல் படுத்தது.

அன்று காலைதான் அதில் என் அக்காவின் பெயரை ஏற்றியிருந்தேன். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த இடத்தை இந்த வாரத்தோடு மூடுகிறார்கள். எங்களிடம் ஒரு பெட் காலி. அதில் படுத்திருந்தவர் முந்தின நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே இடம் காலியாவது அப்படித்தான். யார் பெயர் முதலில் ஏறுகிறதோ அவர்களுக்கு அந்த பெட். போனில் சொன்னதும் அக்கா அழுது, என்னையும் அழவைத்துவிட்டாள்.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினேன். ஒருவர் உள்ளே இருந்தாலும் ஃபைலைச் சரிசெய்ய முடியாது.

"ஒரு நிமிஷம்மா, ஒரே ஒரு பில்லு" என்றார் மருந்து மேசைக்காரர். அவருக்கு எப்போதும் ஒரே ஒரு பில்தான் பாக்கி.

எவ்வளவு முட்டியும் ஃபைல் எழவில்லை. முந்தின நாள் நகலை எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே வரச் சொன்னேன். அன்று செய்ததை அவரவர் நினைவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், அதுதான் வழக்கம். ஏற்றினார்கள். எனக்கோ "எனக்கு ஓப்பன் ஆகல", "எனக்கும் ஆகல" என்று மேசைக்கு மேசை போன். ஊரார் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கீழே வந்து பார்த்தால், அந்த பெட்டில் வேறொரு பெயர்.

"காலின்னுதான்க்கா காட்டுச்சு" என்றாள் பக்கத்து மேசைப் பெண். "வரிசைல இருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். பக்கத்துலதான் வீடு, உடனே வந்துட்டாரு."

அவள்மேல் எரிந்து விழுந்தேன். விழுந்து என்ன பயன்? காலி என்று காட்டியது நான் போட்ட நகல்தானே.

போய்ப் பார்த்தேன். பெரியவர் ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்தார். அவர் மகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிம்மா. நாங்க நம்பிக்கையே விட்டுட்டோம்." கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

வெளியே மேனேஜர் எதிரே வந்தார். "ஃபைல் சரியாயிடுச்சா? குட், குட்." லேப்டாப் திறந்தே இருந்தது.

போன் போட்டதும் அக்கா கேட்டாள், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

நடந்ததைச் சொன்னேன்.

"வேற பெட்டு?"

"யாராவது காலி பண்ணாத்தான்க்கா."

எறும்புக்குக்கூட ஒதுங்கி நடப்பவள் என் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"அந்தப் பெரியவருக்கு என்ன வயசு இருக்கும்?"

"எழுபத்தெட்டு" என்றேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு போன் போடுவதற்கு முன்பே ஃபைலைத் திறந்து பார்த்திருந்தேன்.